சாப்பாட்டு வேளையில் ஏறிய முள்

அன்று காலை ஆனூக் வெர்தியேவைக் கொதிக்கவைத்தது பெர்த்ரான் சொன்ன 'முடியாது' அல்ல. அதைச் சொல்லும்போது அவர் ஜன்னல் கண்ணாடியில் பார்த்து டையைச் சரிசெய்துகொண்டிருந்ததுதான்.

"நல்ல ஷாட்டை வீணாக்கக் கூடாது, ஆனூக். சின்னக் கற்றையை அடைச்சுட்டு எடுக்கற வெறும் ஷாட் காலையிலயே எடுத்தாச்சு. திரை கறுப்பா வந்துச்சு. அதோட முடிஞ்சுது."

"காலையில எதை விட்டாலும் கறுப்பாதான் வருது, பெர்த்ரான். ரெண்டு லேசர்க் கற்றையும் விட்டாலும் கறுப்பு, ஒண்ணை அடைச்சாலும் கறுப்பு. அதை வச்சு என்ன சொல்ல முடியும்? மத்தியானம், நல்லா வர்ற நேரத்துல அடைச்சுப் பாக்கணும்."

"காலையில லேசர் சூடாகியிருக்காது. மத்தியானம்தான் நிதானத்துக்கு வரும். இதை உனக்கு முதல் வருஷமே சொல்லிக் கொடுத்தேன்." டையின் முடிச்சை மேலே தள்ளினார். "இன்னிக்குப் பணம் தர்ற அமைப்போட குழு வருது. சிரிச்ச முகமா இரு. உன் கை ராசியான கை."

பாரிஸுக்குத் தெற்கே, சோளக்காட்டுக்கும் புதுக் கட்டடங்களின் கிரேன்களுக்கும் நடுவில், காற்று ஓயாத ஒரு மேட்டில் இருந்தது அந்த ஆய்வகம். அங்கே எல்லாரும் எல்லாருக்கும் 'நீ'தான். குழுத் தலைவர் பெர்த்ரான் லக்கோம்பும் நீ, முனைவர் பட்டத்துக்கு மூன்றாம் வருஷம் உழைத்துக்கொண்டிருந்த ஆனூக்கும் நீ. வெளியிலிருந்து வருகிறவர்கள் அதைப் பார்த்து, இங்கே மேல் கீழ் இல்லை என்று எண்ணிக்கொள்வார்கள். ஆறு மாதம் இருந்து பார்த்தால் தெரியும், 'நீ' என்று அழைத்துக்கொண்டே ஒருவரை எவ்வளவு கீழே உட்காரவைக்க முடியும் என்று.

அவர்கள் செய்த வேலை இதுதான். மெல்லிய ஹீலியம் பீச்சல் ஒன்றின் மேல் மிக வலுவான லேசர்த் துடிப்பைப் பாய்ச்சுவார்கள். அது வாயுவைக் கிழித்துப் பிளாஸ்மாவாக்கிக்கொண்டு ஓடும்போது, படகுக்குப் பின்னால் எழும் அலைபோல ஒன்று அதன் பின்னால் எழும். அந்த அலையில் சரியான இடத்தில் ஏறிக்கொண்ட எலக்ட்ரான், பெரிய முடுக்கிகளில் ஒரு தெரு நீளம் ஓடிப் பெற வேண்டிய ஆற்றலை ஒரு நகத்தின் அகலத்துக்குள் பெற்றுவிடும். சிரமம் ஓடுவதில் இல்லை, ஏறுவதில்.

லேசரை இயக்கும் யானிக், வருகிறவர்களுக்கு இப்படி விளக்குவான்: "பாரிஸ் போற நம்ம பி லைன் ரயில் மாதிரிதான். ஆனா இது ஸ்டேஷன்ல நிக்காது. பிளாட்பாரத்துல சும்மா நிக்கிறவன் முதுகுல, சரியா பெட்டி வர்ற நொடியில ஒரு தள்ளு. நொடி தப்பினா அவன் பிளாட்பாரத்துலதான்."

அந்தத் தள்ளுதான் சின்னக் கற்றை. பெரிய துடிப்புக்கு எதிரிலிருந்து வந்து மோதும் இரண்டாவது லேசர். பலர் முயன்றதுதான். ஆனால் பெர்த்ரானின் குழு அதைப் புதுவிதமாக மடக்கி அனுப்பியது. கடந்த குளிர்காலத்திலிருந்து திரையில் பளிச்சென்று ஒரு புள்ளி விழத் தொடங்கியது. எலக்ட்ரான் ஏறிவிட்டது என்பதற்கு அதுதான் சாட்சி. கட்டுரை எழுதினார்கள். பெரிய சஞ்சிகை ஒன்று ஏற்றுக்கொண்டது. அச்சுக்குப் போகுமுன் சரிபார்க்க வேண்டிய படி ஆனூக்கின் மின்னஞ்சலில் காத்திருந்தது. முதல் பெயர் அவளுடையது. ஆய்வேட்டின் பாதி அந்தக் கட்டுரைதான். வசந்தத்தில் பட்டம். அதன்பின் வேலை.

அந்தப் படியில் ஒரு வாக்கியம் இருந்தது. 'மற்ற எல்லாம் அப்படியே இருக்க, சின்னக் கற்றையை மட்டும் அடைத்தபோது எலக்ட்ரான்கள் வரவில்லை.' எழுதியது பெர்த்ரான். ஆனூக் அதைப் பலமுறை வாசித்திருக்கிறாள். 'மற்ற எல்லாம் அப்படியே இருக்க' என்பது பொய். அடைத்துப் பார்த்தது காலையில். புள்ளி விழுந்தது எப்போதும் மதியத்துக்குப் பிறகு. நான்கு மணி சுமாருக்கு அதுவும் மங்கிவிடும். ஆய்வகத்தில் எல்லாருக்கும் இது தெரியும். கேலி கூட உண்டு. "பிரெஞ்சு எலக்ட்ரான்பா, சாப்பிடாம வேலைக்கு வராது" என்பான் யானிக். "அதுவும் சீக்கிரமே வீட்டுக்குக் கிளம்பிடும்."

எல்லாரும் சிரிப்பார்கள். ஆனூக்கும் சிரித்திருக்கிறாள். பிறகு சிரிப்பதை நிறுத்தினாள். மூன்று முறை கேட்டாள், மதியம் அடைத்துப் பார்க்கலாம் என்று. ஒருமுறை லேசர் நேரம் இல்லை. இன்னொருமுறை கட்டுரை முதலில் போகட்டும். இன்று டை.

*

சோதனைக் கூடத்தின் இரும்புக் கதவுக்குப் பக்கத்தில் ஒரு பலகை. அதில் சாவித் துளைகள். அன்றைய வேலையில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் பெயர் எழுதிய ஒரு சாவி. உள்ளே போகிறவர் தன் சாவியைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போக வேண்டும். வெளியே வந்ததும் திரும்பச் செருக வேண்டும். எல்லாச் சாவியும் பலகையில் இருந்தால்தான் சிவப்பு விளக்கு எரியும், லேசர் சுடும். "சாவிதான் உடம்பு" என்பார் பாதுகாப்புப் பொறுப்பாளர் ஒதில். "சாவி பலகையில இல்லைன்னா உடம்பு உள்ள இருக்கு. உடம்பு உள்ள இருந்தா லேசர் தூங்கும். இதுக்கு மேல இங்க தத்துவம் ஒண்ணும் கிடையாது."

மதியம் குழு வந்துவிட்டது. பணம் தரும் அமைப்பின் ஆட்கள். தலைவி ஐலா என்ற ஃபின்லாந்துப் பெண்மணி, இயற்பியலாளர், அதிகம் பேசாதவர். பெர்த்ரான் எல்லாரையும் கான்டீனின் விருந்தினர் அறைக்கு அழைத்துக்கொண்டு போனார். வாத்துக்கால், உருளைக்கிழங்கு, சீஸ் தட்டு, சிவப்பு ஒயின். தன் ஆட்கள் எல்லாரும் ஒன்றாகப் போய் ஒன்றாகச் சாப்பிட வேண்டும் என்பது அவர் வைத்த வழக்கம். அந்த நேரத்தில் கூடத்தில் ஈ காக்கை இருக்காது. ஆளில்லாத இடத்தில் அழுத்தத்தோடு வாயு இருக்கக் கூடாது என்பதும் அவர் விதிதான். போகுமுன் வாயுக் குழாயை பம்ப் போட்டு உறிஞ்சி, வெற்றிடமாக்கி, வால்வை மூடிவிட்டுப் போவார்கள். இரவில் பம்ப் ஓடிக்கொண்டே இருக்கும்; மதியத்தில் மட்டும் அதையும் நிறுத்திவிடுவார்கள். வந்ததும் ஹீலியத்தை நிரப்புவார்கள். சுத்தமான வழக்கம். மூன்று வருஷமாக அதைச் செய்வது ஆனூக்.

அன்றும் செய்தாள். வால்வை மூடினாள். வெளியே வந்து தன் சாவியைப் பலகையில் செருகக் கை நீட்டியவள், நின்றாள்.

"வர்றியா? வாத்து ஆறிடும்" என்றான் யானிக்.

"நீ போ."

"ஆனூக். இன்னிக்கு வேண்டாம். அவங்க போகட்டும், நாளைக்குச் சண்டை போடு."

"நாளைக்கு அவரு வேற டை கட்டிட்டு வருவாரு. போ, யானிக்."

அவள் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு மறுபடி உள்ளே போனாள். இரும்புக் கதவு பின்னால் சாத்திக்கொண்டது. இதைத் திட்டம் என்று சொல்ல முடியாது. வேலைநிறுத்தத்துக்குத் தெருவில் இறங்கும் ஊரில் பிறந்தவள். தெரு இல்லாததால் கூடத்தில் உட்கார்ந்தாள், அவ்வளவுதான். மதியம் சின்னக் கற்றையை அடைத்து ஒரு ஷாட். அதற்குச் சம்மதிக்கும் வரை சாவி வெளியே வராது.

வாயுக் குழாய்கள் பொருத்திய இரும்புச் சட்டத்துக்கு எதிரில், கருவிப் பெட்டி ஒன்றின் மேல் உட்கார்ந்தாள். பம்ப் நின்றிருந்தது. அவ்வளவு அமைதியை அந்தக் கூடத்தில் அவள் கேட்டதே இல்லை. இந்த நேரத்தில் இங்கே யாரும் இருந்ததே இல்லை என்பது அப்போது அவளுக்குத் தோன்றவில்லை. பெர்த்ரானிடம் சொல்லப்போகும் வார்த்தைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். ராசியான கையாம். மூன்று வருஷம் கண்ணாடிகளை மயிரிழை மயிரிழையாகத் திருப்பியது ராசி. விடுமுறைக்குப் பிரெஸ்த்துக்கு, அம்மா வீட்டுக்குப் போகாமல் இருந்தது ராசி.

எதிரில் அழுத்தமானியின் முள். வால்வை மூடியபோது அது வெற்றிடத்தைக் காட்டும் இடப்பக்க முளையை ஒட்டிப் படுத்திருந்தது. இப்போது முளைக்கும் முள்ளுக்கும் நடுவில் ஒரு கீற்று வெளிச்சம் தெரிந்தது.

கோபத்தில் கண் கலங்குகிறது என்று நினைத்தாள். துடைத்துக்கொண்டு பார்த்தாள். எழுந்து போய், சட்டைப் பையிலிருந்த பேனாவால் முள் நின்ற இடத்தில் கண்ணாடி மேல் ஒரு கோடு போட்டாள். திரும்பி வந்து உட்கார்ந்தாள். இப்போது எதையும் அடுக்கவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தாள்.

முள் கோட்டைத் தாண்டியது.

கட்டுப்பாட்டு அறையிலிருக்கும் எண் காட்டி பெரிய அழுத்தத்துக்கானது. வெளிக்காற்றின் அழுத்தத்துக்குக் கீழே எது இருந்தாலும் பூஜ்யம் என்றே காட்டும். இந்த முள் ஒன்றுதான் உண்மையைச் சொல்லும். அது சொல்லும் வேளையில் இந்த ஊரே தட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும்.

"உள்ள யாரு?" கதவைத் திறந்துகொண்டு ஒதிலின் குரல் வந்தது. "வெர்தியே! சாவியக் காணோமேன்னு பாத்தேன். மயங்கிக் கிடக்கியா, தூங்குறியா?"

"வேலைநிறுத்தம் பண்றேன்."

"ஒருத்தியாவா?" ஒதில் காலணிக்கு மேல் தூசி உறை மாட்டிக்கொண்டு உள்ளே வந்தார். ஐம்பது தாண்டிய உயரமான பெண்மணி, முன்பு தீயணைப்புத் துறையில் இருந்தவர். "சங்கத்துல கேட்டா சிரிப்பாங்க. சாப்பிட்டியா?"

"ஒதில், இந்த முள்ளைப் பாரு. இந்தக் கோடு நான் போட்டது. முள் அங்க இருந்துச்சு. இப்ப எங்க இருக்குன்னு சொல்லு."

ஒதில் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் பார்த்தார். "மேல வந்திருக்கு. ஒழுகுதா?"

"உள்பக்கமா ஒழுகுது. ஹீலியம் நிரப்பியிருக்கறப்ப அழுத்தம் வெளிய தள்ளும், துளியூண்டு வெளிய போகும், யாருக்கும் தெரியாது. வெற்றிடமா விட்டுட்டுப் போறப்ப வெளிக்காத்து உள்ள வருது. நாம சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் வந்துகிட்டே இருக்கு. அப்புறம் அது மேலயே நான் ஹீலியத்தை நிரப்புறேன்."

"கொஞ்சம் காத்துதானே. அதுல என்ன?"

"காத்துன்னா பெரும்பகுதி நைட்ரஜன், ஒதில்." ஆனூக்கின் குரல் உயர்ந்தது. "நைட்ரஜன் அணுவுல உள்ளுக்குள்ள எலக்ட்ரான் இறுக்கிப் பிடிச்சுட்டு உக்காந்திருக்கும். துடிப்போட உச்சம் வர்றப்பதான் அது பிச்சுக்கிட்டு வரும். அப்ப அலை ஏற்கனவே சுத்தி எழும்பியிருக்கும். யானிக்கோட ரயில்ல சொன்னா, பிளாட்பாரத்துலேர்ந்து யாரும் யாரையும் தள்ளவே வேண்டாம். பெட்டிக்குள்ள தூங்கிட்டிருந்தவன் முழிச்சுக்கிறான். அவ்வளவுதான். இது பழைய முறை, எல்லாருக்கும் தெரிஞ்சது. வேணும்னே நைட்ரஜன் கலந்து செய்வாங்க. நாம தெரியாம கலந்துட்டு, சின்னக் கற்றைதான் தள்ளிச்சுன்னு எழுதியிருக்கோம்."

ஒதில் சற்று நேரம் முள்ளைப் பார்த்தார். "அதான் சாப்பாட்டுக்கு அப்புறம்."

"அதான் சாப்பாட்டுக்கு அப்புறம். ஒவ்வொரு தடவை சுடறப்பவும் சிலிண்டர்லேர்ந்து சுத்தமான ஹீலியம் வந்து காத்தை வெளிய அள்ளிட்டுப் போயிடும். அதான் நாலு மணிக்கு மங்குது. அது லேசர் இல்ல, ராசி இல்ல, என் கை இல்ல." கருவிப் பெட்டியை ஓர் உதை உதைத்தாள். உள்ளே ஸ்பானர்கள் கடகடத்தன. "மூணு தடவை கேட்டேன். ஒரே ஒரு ஷாட் போட்டிருந்தா அன்னிக்கே தெரிஞ்சிருக்கும்."

"இறுக்கிடலாமா?"

"தொடாத. ஒரு பொருளையும் தொடாத. தினமும் எப்படியோ இன்னிக்கும் அப்படியே இருக்கணும். பெர்த்ரான் கண்ணால பாக்கணும்."

*

வாத்தும் ஒயினும் முடிந்து எல்லாரும் கட்டுப்பாட்டு அறைக்கு வந்தார்கள். பலகையில் ஒரு துளை காலி. சிவப்பு விளக்கு எரியவில்லை. யானிக் நாற்காலியில் உட்கார்ந்து தன் காலணியைப் பார்த்துக்கொண்டிருந்தான். கதவருகே ஒதில் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார்.

பெர்த்ரான் சிரித்தபடியே ஒலிவாங்கியை எடுத்தார். "ஆனூக், எல்லாரும் வந்தாச்சு. ஹீலியத்தை நிரப்பிட்டு வெளிய வா."

"நிரப்பிட்டேன்." கூடத்திலிருந்து அவள் குரல் ஒலிபெருக்கியில் கரகரத்தது. "முதல் ஷாட் சின்னக் கற்றையை அடைச்சுட்டுப் போடுவோம்னு சொல்லு. வர்றேன்."

பெர்த்ரான் சிரிப்பைக் கீழே போடாமல் பொத்தானிலிருந்து விரலை எடுத்தார். விருந்தினர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒதிலிடம் பல்லிடுக்கில் பேசினார். "மாற்றுச் சாவியப் போடு."

"மாட்டேன்."

"ஒதில், உன்கிட்ட இருக்கு."

"இருக்கு. அதைப் போடணும்னா நான் கூடம் முழுக்கத் தேடி, உள்ள யாரும் இல்லைன்னு கையெழுத்துப் போடணும். உள்ள ஆள் இருக்கா. குரலே கேக்குது. உனக்குக் கேக்கலையா?" பிறகு அதே குரலில் சேர்த்துக்கொண்டார்: "விதியில கையெழுத்துப் போட்டது நீதான்."

அவர் மறுபடி பொத்தானை அழுத்தினார். "ஆனூக், நீ சின்னப் பிள்ளை மாதிரி நடந்துக்கறதுக்கு இது நேரம் இல்ல."

"சின்னப் பிள்ளைதான். ராசியான கை இருக்கற சின்னப் பிள்ளை. குழாய்க்குள்ள வெளிக்காத்து போகுது, பெர்த்ரான். நம்ம புள்ளி நைட்ரஜனால வருது. இல்லைன்னா அடைச்சுக் காட்டு."

அவர் விரலை எடுத்தார். ஒலிபெருக்கி அணையவில்லை. "பயமா இருக்கா?" என்று அவள் கடைசியாகக் கேட்டது அறை முழுக்க விழுந்தது. வந்திருந்த குழுவினர் பிரெஞ்சு தெரிந்தவர்கள் அல்ல. ஆனால் ஐலா பாரிஸில் சில வருஷம் வேலை பார்த்தவர்.

"அடைச்சுப் பாக்கணும்னு சொல்றாங்களா?" என்று கேட்டார்.

"மாணவியோட பதற்றம். ஆய்வேடு நெருங்குது இல்லையா..."

"நல்ல யோசனையாத்தானே இருக்கு. நானே கேக்கலாம்னு இருந்தேன். சாப்பிடறப்ப சீஸைப் பத்திப் பேச்சு வந்துடுச்சு, மறந்துட்டேன்."

பெர்த்ரான் ஒருகணம் ஐலாவைப் பார்த்தார். பிறகு அவர் முகத்தில் வந்தது பயம் அல்ல. அவர் உண்மையாகவே நம்பினார். அந்தப் புள்ளியைச் சின்னக் கற்றைதான் போடுகிறது என்று, தன் பிள்ளை தன் ஜாடை என்று நம்புகிற தகப்பனைப் போல நம்பினார். ஒலிவாங்கியை எடுத்தார்.

"சரி. அடைச்சுடுங்க, வெளிய வாங்க, மத்மொய்செல் வெர்தியே. நீங்க பாத்ததும் நாம வேலையைத் தொடங்கலாம்."

மூன்று வருஷத்தில் முதல் 'நீங்க'. அறையில் அது ஒரு கதவைச் சாத்தியதுபோல இருந்தது. யானிக் தலையைத் தூக்காமலேயே கண்ணை மூடிக்கொண்டான்.

ஆனூக் சின்னக் கற்றையின் பாதையில் கறுப்புத் தகட்டை இறக்கினாள். தகட்டை ஐலாவே கேமரா வழியாகப் பார்த்துத் தலையசைத்தார். அவள் வெளியே வந்து சாவியைச் செருகினாள். ஒதில் கூடத்தைச் சுற்றி வந்து, மூலைக்கு மூலை "யாராவது இருக்கீங்களா?" என்று கத்தி, கதவைப் பூட்டினார். சிவப்பு விளக்கு எரிந்தது.

"சுடறேன்" என்றான் யானிக்.

திரையில் புள்ளி விழுந்தது. மங்கலாக அல்ல. கட்டுரையின் இரண்டாவது படத்தில் இருக்கும் அதே புள்ளி, அதே இடத்தில், அதே பிரகாசத்தில்.

யானிக் தன்னையறியாமல் முணுமுணுத்தான். "தள்ளாமலே ஏறிட்டான்."

"லேசர் இன்னிக்கு பலமா இருக்கு" என்றார் பெர்த்ரான் உடனே, விருந்தினர்கள் பக்கம் திரும்பி. "துடிப்பு ரொம்ப வலுவா இருந்தா சில சமயம் தானாவே ஏறும். இது அந்த மாதிரி. தெரிஞ்ச விஷயம்தான். யானிக், கொஞ்சம் குறை."

யானிக் தன் திரையைப் பார்த்தான். ஆனூக்கைப் பார்த்தான். வீட்டுக் கடன் இருக்கிற, இரண்டு பெண் குழந்தைகள் இருக்கிற மனிதன். "லேசர் அதே பலம்தான், பெர்த்ரான்" என்றான். "நேத்தைக்கும் இன்னிக்கும் முடியளவு வித்தியாசம் இல்ல."

"அப்ப கண்ணாடி..."

"ஒரு ஸ்பானர் போதும்" என்றாள் ஆனூக்.

"இவங்களுக்கு ரயில் இருக்கு" என்றார் பெர்த்ரான்.

"நான் அடுத்த ரயில்ல போறேன்" என்றார் ஐலா. மற்றவர்கள் தங்கள் கைபேசிகளைப் பார்த்துக்கொண்டார்கள்.

வாயுச் சட்டத்தின் பின்பக்கத்தில் இருந்தது, காற்று ஒழுகிய அந்த இணைப்பு. போன குளிர்காலத்தில் பத்திரிகைப் படக்காரர் ஒருவர் வந்தபோது, பளபளக்கும் பக்கத்தில் பெர்த்ரான் நிற்க இடம் போதவில்லை என்று சட்டத்தைத் தள்ளி வைத்தார்கள். குழாய் இழுபட்டது. மரை கொஞ்சம் நெகிழ்ந்தது. படம் நன்றாக வந்தது. தாழ்வாரத்தில் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்கள். அதன்பின் சில வாரங்களில் முதல் புள்ளி விழுந்தது. இதை ஆனூக் ஐலாவிடம் சொல்லும்போது பெர்த்ரான் பக்கத்திலேயே நின்றார்.

மரையைக் கால் சுற்று இறுக்கினாள். பம்ப் போட்டாள். வால்வை மூடினாள். முள் முளையில் படுத்தது. எல்லாரும் நின்றபடி அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். படுத்த முள் எழவில்லை. ஹீலியத்தை நிரப்பினாள். தகட்டை எடுத்துவிட்டு, இரண்டு கற்றைகளுக்கும் வழி விட்டாள். எல்லாரும் வெளியே வந்ததும் ஒதில் மறுபடி தேடிப் பார்த்துக் கதவைப் பூட்டினார்.

யானிக் சுட்டான். திரை கறுப்பு.

"இன்னொண்ணு" என்றார் பெர்த்ரான்.

கறுப்பு.

"நேரத்தை மாத்து. சின்னக் கற்றை கொஞ்சம் முன்னாடி. இன்னொண்ணு."

கறுப்பு. ஐலா மேலங்கியை எடுத்து மாட்டிக்கொண்டபோதும் பெர்த்ரான் "இன்னொண்ணு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். கடைசியில் அது யாரிடம் சொல்வது என்று தெரியாத குரலாகிவிட்டது.

*

விருந்தினர்கள் போனபின் தாழ்வாரத்தில், தன்னுடைய அந்தப் படத்துக்கு எதிரிலேயே, அவர் அவளை நிறுத்தினார். டை தளர்ந்திருந்தது.

"என்கிட்டத் தனியா சொல்லியிருக்கலாம்."

"மூணு தடவை சொன்னேன்."

"சொல்ற விதம்னு ஒண்ணு இருக்கு. அவங்க முன்னாடி, ஒலிபெருக்கியில... இது உங்க ஆய்வேடும்தான். உங்க மூணு வருஷம். உங்களுக்கு நீங்களே கொள்ளி வச்சுக்கிட்டீங்க. புரியுதா?"

அவளுக்குப் புரிந்தது. அதுதான் கோபத்தின் அடியில் இருந்த கோபம். அவர் சொன்னது முழுக்க உண்மை. அவருக்கு ஓய்வூதியம் இருக்கிறது, பெயர் இருக்கிறது, தாழ்வாரத்தில் படம் இருக்கிறது. எரிந்தது இரண்டு பேருக்கும் பொதுவான வீடு. ஆனால் வேறு வீடு இல்லாதவள் அவள்.

"நீ அந்த 'நீங்க'வை வச்சுக்க, பெர்த்ரான்" என்றாள். "நான் உன்னை நீன்னுதான் கூப்பிடுவேன். நம்ம ரெண்டு பேர் பேரும் ஒரே கட்டுரையில இருந்துச்சு."

மேசைக்குப் போய், சஞ்சிகைக்கு ஒரு வரி எழுதினாள்: இதை அச்சிட வேண்டாம், முடிவு தவறு, காரணத்தை விரிவாக எழுதுகிறேன். திரும்பப் படிக்காமல் அனுப்பினாள்.

மறுநாள் காலை அவள் வந்தபோது யானிக் கதவருகே நின்று காபி குடித்துக்கொண்டிருந்தான். "சுட முடியாது" என்றான். பலகையைக் காட்டினான்.

பெர்த்ரானின் துளை காலியாக இருந்தது. சாவியை வீட்டுக்குக் கொண்டுபோயிருந்தார். போன் அடித்தால் எடுக்கவில்லை. அவள் கற்றுக்கொடுத்த பாடம், அடுத்த நாளே அவளுக்கு எதிராக.

"நேத்து நீ உள்ள உக்காந்தே" என்றான் யானிக். "இன்னிக்கு அவரு வெளிய இருந்துகிட்டே உள்ள உக்காந்திருக்காரு. பெரிய மனுஷன் பெரிய மனுஷன்தான்."

ஆனூக் சிரிக்கவில்லை. பலகையைக் கையால் அறைந்தாள். மற்றச் சாவிகள் குலுங்கின. சத்தம் கேட்டு ஒதில் வந்தார். காலி துளையைப் பார்த்தார், நிதானமாகத் தன் காலணி உறையை மாட்டிக்கொண்டார்.

"சாவி பலகையில இல்ல. அப்ப உடம்பு உள்ள இருக்கு" என்றார். "விதின்னா விதி. தேடணும்."

கூடத்துக்குள் போனார். கதவு திறந்தே இருந்தது. தீயணைப்பு வண்டியில் பழகிய குரல் அது. வெளியே சோளக்காடு வரை கேட்டிருக்கும்.

"பெர்த்ரான்! உள்ள இருக்கியா?" பம்புக்குப் பின்னால். "பெர்த்ரான் லக்கோம்ப்! மேசைக்கு அடியில இருக்கியா?" வாயுச் சட்டத்துக்குப் பின்னால், சற்று நேரம் அதிகமாகவே நின்று: "படம் எடுக்க நிக்கிறியா? இல்லையா?" தாழ்வாரத்தில் மற்றக் குழுக்களின் கதவுகள் திறந்து தலைகள் நீண்டன. ஒதில் எந்த மூலையையும் விடவில்லை. ஒவ்வொரு மூலையிலும் முழுப் பெயரைச் சொல்லி அழைத்தார். பதில் வருகிறதா என்று விதிப்படி காத்திருந்தார்.

வெளியே வந்து, இரும்புக் கதவைப் பூட்டி, கையெழுத்துப் போட்டார். "தேடினேன். அவரு அங்க இல்ல" என்றார். மாற்றுச் சாவியைப் பெர்த்ரானின் துளையில் செருகினார்.

விளக்கு எரிந்தது. ஆனூக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பட்டம் இந்த வசந்தத்தில் இல்லை. உதவித்தொகை இலையுதிர் காலத்தோடு முடிகிறது. குழாயில் சுத்தமான ஹீலியம் இருந்தது, இரண்டு கற்றைகளும் திறந்திருந்தன. இதுவரை ஒரு எலக்ட்ரானைக்கூட அவர்கள் தள்ளி ஏற்றியதில்லை.

"சின்னக் கற்றையை எங்க வைக்கட்டும்?" என்று கேட்டான் யானிக்.

"முதல்லேர்ந்து" என்றாள் அவள், பல்லைக் கடித்துக்கொண்டு. "கடைசி ஓரத்துலேர்ந்து ஒவ்வொரு அடியா. சுடு."

திரை கறுப்பாக வந்தது.

"அடுத்தது."